சிற்பக்கூடத்துக்கு ஓர் இணையப் பக்கம்

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்: படைப்பாக்கச் செயல்பாடு

விளம்பரம் எழுதுவது தமிழ் வகுப்புக்குப் புதிதல்ல. "வாருங்கள்! வாருங்கள்! அதிரடித் தள்ளுபடி!" என்று கட்டம் கட்டி எழுதி, ஓரத்தில் ஒரு பூவும் வரைந்து, மாணவர்கள் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அதைப் படித்துவிட்டு உண்மையிலேயே ஒருவர் அந்தக் கடைக்குக் கிளம்பி வருவாரா? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் அதே பயிற்சி வேறொன்றாகிவிடும் என்பது என் அனுபவம்.

நான் பணிபுரியும் அரசுப் பள்ளி மாமல்லபுரத்துக்கு அருகில் உள்ளது. வகுப்பில் சிற்பிகள் வீட்டுப் பிள்ளைகள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள், சுற்றுலாப் பயணிகளை நம்பிக் கடை நடத்துவோரின் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. ஐந்து ரதம் போகும் சாலையில் நடந்தால் உளிச் சத்தம் கூடவே வரும். முன்பெல்லாம் சிலை வாங்க வருபவர் பட்டறைக்கு நேரில் வந்து, கல்லைத் தொட்டுப் பார்த்து, சிற்பியிடம் பேசி விலை முடிப்பார். இன்று கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்துகொண்டு கைபேசியில் பார்த்தே பலர் முடிவு செய்கிறார்கள். தொட்டுப் பார்க்க வழியில்லாதவர், படத்தையும் அதன் கீழே எழுதியிருப்பதையும் மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. எனவே அந்த எழுத்து நன்றாக அமைவது இங்கே பல குடும்பங்களின் பிழைப்போடு தொடர்புடையது.

பட்டறை வைத்திருக்கும் பெற்றோர் ஒருவர், பணம் கொடுத்து எழுதி வாங்கிய தம் இணையப் பக்கத்தை என்னிடம் காட்டினார். இரண்டு பத்திகள். அவற்றில் "தரம்" என்ற சொல் ஆறு முறை வந்திருந்தது. "உளி" என்ற சொல் ஒருமுறைகூட இல்லை. இந்த வேலையை நம் மாணவர்களால் இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று தோன்றியது. ஐந்து பாடவேளைகளுக்கான செயல்பாடாக அதை அமைத்தேன். அதன் படிநிலைகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பாடவேளை: பெயர் மாற்றுச் சோதனை

கரும்பலகையில் இப்படி எழுதினேன்: "எங்கள் நிறுவனம் உலகத் தரம் வாய்ந்த, கண்ணைக் கவரும் கற்சிற்பங்களை மிகக் குறைந்த விலையில் வழங்குகிறது. வாடிக்கையாளரின் மனநிறைவே எங்கள் குறிக்கோள்."

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "நல்லா இருக்குங்க ஐயா" என்றது வகுப்பு. "கற்சிற்பங்களை" என்பதை அழித்துவிட்டு "மெத்தைகளை" என்று எழுதி, மீண்டும் வாசிக்கச் சொன்னேன். அடுத்து "முறுக்குகளை" என்று மாற்றினேன். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. பொருளின் பெயரை மாற்றிய பிறகும் ஒரு வாக்கியம் அப்படியே பொருந்துகிறது என்றால், அது அந்தப் பொருளைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. இதற்குப் "பெயர் மாற்றுச் சோதனை" என்று பெயர் வைத்தோம். அடுத்த நான்கு நாட்களும் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் மாணவர்கள் தாமாகவே இந்தச் சோதனைக்கு உட்படுத்தினார்கள்.

சரி, எதையாவது சொல்கிற வாக்கியம் எப்படி இருக்கும்? அதற்கான எடுத்துக்காட்டு பல்லவர் காலத்திலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உள்ளது. காலம் 7ஆம் நூற்றாண்டு. அயன், அரன், அரி மூவருக்குமான இக்கோயில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமல் உருவாக்கப்பட்டது என்பதே அதன் செய்தி. ஒப்பற்ற கோயில் என்றோ வியத்தகு கோயில் என்றோ பாராட்டிக்கொள்ளவில்லை. எவையெல்லாம் இல்லாமல் கட்டினோம் என்று நான்கு பொருள்களின் பெயரைச் சொன்னது. வியப்பதைப் படிப்பவரிடம் விட்டுவிட்டது.

இன்னொன்று நம் காலத்துக்கு நெருங்கியது. 1958இல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. சத்தமே இல்லாத கார் என்று அவர் எழுதவில்லை. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போதும் அந்தக் காருக்குள் உரக்கக் கேட்பது அதன் கடிகாரத்தின் ஓசைதான் என்ற தகவலையே தலைப்பாக்கினார். இவ்விரண்டையும் ஒப்பிட்டு மாணவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பெயரடையைக் குறைத்துத் தகவலைக் கூட்ட வேண்டும். "அழகிய, சிறந்த, தரமான, அற்புதமான, உன்னதமான" ஆகிய ஐந்து சொற்களுக்கும் வகுப்பில் தடை விதித்தோம்.

இரண்டாம் பாடவேளை: வாங்குபவரின் கேள்விகள்

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேடம் கொடுத்தேன். ஊர்க்கோயில் திருப்பணிக் குழுவினர், வீட்டுத் தோட்டத்தில் புத்தர் சிலை வைக்க விரும்பும் சென்னைவாசி, வரவேற்பறைக்குச் சிற்பம் தேடும் ஓட்டல் மேலாளர், வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பம். "உங்கள் பணத்தைக் கொடுத்து இதை வாங்கப் போகிறீர்கள். என்னென்ன கேட்பீர்கள்?" என்பதுதான் பணி.

கேள்விகள் வந்து குவிந்தன. என்ன கல்? எவ்வளவு உயரம்? எடை எவ்வளவு? மாடியில் வைத்தால் தளம் தாங்குமா? மழையில் நிறம் மாறுமா? எத்தனை நாளில் கிடைக்கும்? வழியில் மூக்கு உடைந்துபோனால் யார் பொறுப்பு? முகம் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்களா? கையால் செதுக்கியதா, இயந்திரத்தில் செய்ததா? நான்கு பட்டியல்களையும் சேர்த்தபோது இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. பெற்றோர் காட்டிய அந்தப் பக்கத்தில் இவற்றில் ஒன்றுக்குக்கூட விடை இல்லை.

இந்த இடத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்களின் துணையை நாடலாம். கருங்கல்லின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். பெருக்கினால் ஒரு கன அடிக் கல் ஏறக்குறைய 76 கிலோ. ஓரடி நீளம், ஓரடி அகலம், இரண்டடி உயரமுள்ள கல் 150 கிலோவைத் தாண்டும். செதுக்கச் செதுக்க எடை குறையும் என்றாலும், இரண்டடிச் சிலையை ஒருவர் தூக்கிவிட முடியாது என்பது மாணவர்களுக்குக் கணக்கிலேயே விளங்கியது. "இறக்கி வைக்க நான்கு பேர் வேண்டும்" என்ற வாக்கியம் அப்படித்தான் ஒரு குழுவின் பக்கத்தில் இடம்பெற்றது. பெயர் மாற்றுச் சோதனையில் அது எளிதாகத் தேறியது.

மூன்றாம் பாடவேளை: பட்டறையில் கேட்டறிதல்

தலைமையாசிரியரின் அனுமதியோடும் பெற்றோரின் ஒப்புதலோடும், பள்ளிக்கு அருகில் உள்ள ஒரு சிற்பக்கூடத்துக்குச் சென்றோம். மாணவர்களுக்கு மூன்று அறிவுரைகள். கேள்விப் பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும். சிற்பி சொல்லும் சொல்லை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். பார்த்தது, கேட்டது, தொட்டது என்று மூன்று பத்திகளாகக் குறிப்பெடுக்க வேண்டும்.

வாசிப்பில் தடுமாறும் மாணவர் ஒருவர் எங்கள் வகுப்பில் இருக்கிறார். குழுப்பணிகளில் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். அவருடைய அப்பா சிற்பி. கல் தேர்வைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவரே முன்வந்து விளக்கினார்: "சுத்தியால தட்டிப் பாக்கணும் ஐயா. மணி மாதிரி கணீர்னு கேட்டா நல்ல கல்லு. மொத்துனு கேட்டா உள்ள விரிசல் இருக்குனு அர்த்தம். அதுல சிலை எடுக்க மாட்டாங்க." அந்த நான்கு வாக்கியங்களையும் எல்லாக் குழுக்களும் எழுதிக்கொண்டன. அந்தப் பக்கத்துக்கான மிகச் சிறந்த செய்தி அவரிடமிருந்தே கிடைத்தது. எழுத்தில் பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருளல்ல. அவருக்குத் தெரிந்ததைக் கேட்கும் கேள்வி வகுப்பறைக்குள் வர வேண்டும்.

மற்றொரு மாணவி "தாலம்" என்ற சொல்லைக் கொண்டுவந்தார். சிற்ப நூல்களில் முகத்தின் நீளம் ஒரு தாலம். அதை 12 அங்குலமாகப் பகுப்பார்கள். இந்த அங்குலம் நம் அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. சிலையின் அளவுக்கேற்ப மாறும். நவதாலச் சிலையின் உயரம் முகத்தைப் போல ஒன்பது மடங்கு, அதாவது 108 அங்குலம். "அப்படியானால் மூன்றடி உயரச் சிலையில் முகம் எவ்வளவு?" என்று கேட்டேன். நம் அளவுகோலில் 36 அங்குலத்தை ஒன்பதால் வகுத்து, "நாலு அங்குலம்" என்றார்கள். தொழில்சொல்லை எழுதும்போது அதன் பொருளையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதற்கு இதையே பயிற்சியாக்கினோம். "நாங்கள் நவதால அளவில் செய்கிறோம்" என்று நிறுத்தினால் படிப்பவர் விலகிப்போவார். "முகத்தைப் போல ஒன்பது மடங்கு உயரம்" என்று சேர்த்தால் சிலையை இன்னொரு முறை பார்ப்பார்.

சிலைக்கு மெருகேற்றும் வேலையைச் செய்துகொண்டிருந்த பெண்களிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதை ஒரு மாணவிதான் கவனித்தார். அவர் அம்மா அந்த வேலைக்குப் போகிறவர். அவரே போய்ப் பேசினார். சொரசொரப்பான கல்லில் தொடங்கி மென்மையான கல் வரை மாற்றி மாற்றித் தேய்ப்பதையும், இடைவிடாமல் தண்ணீர் ஊற்றுவதையும், விரல் நுனி தேய்ந்துபோவதையும் குறித்துவந்தார். அவர் குழுவின் பக்கத்தில் "யார் செய்கிறார்கள்?" என்ற தனித் தலைப்பே உருவானது.

நான்காம் பாடவேளை: பக்கத்தை அடுக்குதல்

நூலை வாசிப்பதுபோல் யாரும் இணையப் பக்கத்தை வாசிப்பதில்லை. 1997இல் ஜேக்கப் நீல்சன் குழுவினர் நடத்திய ஆய்வில், 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தார்கள். 16 விழுக்காட்டினரே சொல் சொல்லாக வாசித்தார்கள். இன்று கைபேசியின் சிறிய திரையில் பொறுமை இன்னும் குறைவு. எனவே கட்டுரைக்கு நாம் கற்பிக்கும் "முன்னுரை, பொருளுரை, முடிவுரை" அமைப்பு இங்கே உதவாது. மாணவர்கள் பின்பற்றிய அமைப்பு இது:

1. முதல் வரியிலேயே என்ன பொருள், யார் செய்தது, எங்கே என்பது வந்துவிட வேண்டும்.
2. அடுத்து, வாங்குபவர் முதலில் கேட்கும் மூன்று கேள்விகளுக்கு விடை.
3. ஒரு பத்திக்கு ஒரு செய்தி. நான்கு வரியைத் தாண்டக் கூடாது.
4. துணைத்தலைப்புகளை மட்டும் படித்தாலும் செய்தி புரிய வேண்டும். "எங்களைப் பற்றி" என்பதைவிட "கல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்?" என்பது மேல்.
5. கடைசியில், படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். "தொடர்புகொள்க" என்பதோடு நிறுத்தாமல், "வேண்டிய உயரத்தையும் வைக்கப்போகும் இடத்தையும் எழுதி அனுப்புங்கள், விலையும் நாட்களும் தெரிவிக்கிறோம்" என்று எழுதலாம்.

ஒரு குழு எழுதிய பத்தியைத் தருகிறேன்:

"இந்தப் பிள்ளையார் ஒரே கருங்கல்லில் செதுக்கியவர். உயரம் இரண்டடி. தட்டிப் பார்த்து, மணி போல ஒலித்த கல்லை மட்டுமே எடுத்தோம். கல்லை அளவுக்கு அறுக்க இயந்திரம் பயன்படுத்தினோம். முகம், விரல்கள், அணிகலன்கள் எல்லாம் உளியால் ஆனவை. மூன்று பெண்கள் நான்கு நாட்கள் தேய்த்து மெருகேற்றினார்கள். வெயிலிலும் மழையிலும் வைக்கலாம். இறக்கி வைக்க நான்கு பேர் வேண்டும்."

இதில் தடை செய்த ஐந்து சொற்களில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையாரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆங்கில ஆசிரியர் இதே பத்தியை ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சியாக அவர் வகுப்பில் எடுத்துக்கொண்டார். செய்தி கைவசம் இருந்ததால், மாணவர்கள் சொல்லை மட்டும் தேடினால் போதுமாயிற்று.

ஐந்தாம் பாடவேளை: எழுதியது உண்மையா?

மேற்கண்ட பத்தியில் இயந்திரம் பற்றிய வரி சும்மா வந்ததல்ல. "முழுக்க முழுக்கக் கையால் செதுக்கியது" என்றுதான் அந்தக் குழு முதலில் எழுதியிருந்தது. "எங்க பட்டறையில கல்லு அறுக்க மெஷின் போடுறோமே ஐயா, அப்படி எழுதலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். "அதைச் சொன்னா வாங்க மாட்டாங்க" என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. எந்த வேலையை இயந்திரம் செய்கிறது, எதை உளி செய்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடுவது என முடிவாயிற்று. எழுதிப் பார்த்தபோது உண்மையான வாக்கியமே சுவையாகவும் இருந்தது. எல்லாம் கையால் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். முகமும் விரலும் உளியால் என்று எழுத, வேலை தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, ஊரின் பெருமைகளைப் பயன்படுத்துவது பற்றிப் பேசினோம். மாமல்லபுரத்துக்குப் பெருமைகள் பல. 1957இல் இங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக உள்ளது. 1984இல் யுனெஸ்கோ இங்குள்ள நினைவுச்சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2015இல் உலகக் கைவினைக் கழகம் இவ்வூரைக் கற்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரமாக அறிவித்தது. 2017இல் மகாபலிபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவற்றை வைத்து மூன்று வாக்கியங்கள் கொடுத்துச் சரியா, தவறா என்று கேட்டேன். "எங்கள் சிற்பங்கள் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றவை" என்பது தவறு. அந்த ஏற்பு பல்லவர் காலச் சின்னங்களுக்கு உரியது. "உலகக் கைவினை நகரமான மாமல்லபுரத்தில் எங்கள் பட்டறை உள்ளது" என்பது சரி. "எங்கள் சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது" என்பதை யோசித்துத்தான் எழுத வேண்டும். குறியீடு பொருளுக்குக் கிடைத்திருந்தாலும், அதைத் தம் வணிகத்தில் பயன்படுத்துகிறவர் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராகத் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைக் குற்றமாகக் கருதுகிறது என்பதையும் இங்கே சொல்லலாம். ஊரின் பெருமை எது, என் வேலையின் பெருமை எது என்று பிரித்தறிவது நல்ல மொழிப்பயிற்சி; நல்ல குடிமைப்பயிற்சியும்கூட.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் இதே பணியைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்டார்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் செய்து பார்த்தோம். நொடியில் மூன்று பத்திகள் வந்தன. பெயர் மாற்றுச் சோதனையில் பெரும்பாலான வரிகள் விழுந்துவிட்டன. தங்கள் குறிப்பேட்டில் இருந்ததைக் கொடுத்து மீண்டும் கேட்டபோது பக்கம் தேறியது. தகவலைத் திரட்டும் வேலை நம்முடையதுதான் என்பது அவர்களுக்கே புரிந்தது.

மதிப்பீடு

வளரறி மதிப்பீட்டில் பத்து மதிப்பெண்ணை இப்படிப் பகிர்ந்தேன்: வாங்குபவரின் கேள்விகளுக்கு விடை 3, நேரில் திரட்டிய தகவல் 3, அமைப்பு 2, பிழையின்மை 1, உண்மைத்தன்மை 1. இறுதியாக ஒவ்வொரு குழுவும் தன் பக்கத்தைச் சிற்பியிடம் வாசித்துக் காட்ட வேண்டும். "தட்டிப் பார்த்து எடுத்தோம்" என்ற இடத்தில் ஒரு சிற்பி நிறுத்தி, "ஒரு எடத்துல தட்டுனா போதாது, சுத்திச் சுத்தித் தட்டணும்னு எழுதுங்க சார்" என்று திருத்தினார். எழுதப்பட்டவரே படித்துத் திருத்துவதைவிட நல்ல மதிப்பீடு வேறில்லை. அந்தப் பட்டறையின் பக்கத்தில் இப்போது அந்தத் திருத்தத்தோடு மாணவர்களின் பத்திகள் இருக்கின்றன. மாணவர்களின் பெயரோ படமோ இணையத்தில் வராமல் பார்த்துக்கொண்டோம். இதில் கவனம் தேவை.

உங்கள் ஊரில்

இந்தச் செயல்பாட்டுக்குச் சிற்பக்கூடம் வேண்டும் என்பதில்லை. பத்தமடையில் பாய், கோவில்பட்டியில் கடலை மிட்டாய், காஞ்சிபுரத்தில் பட்டு, தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை என்று ஊருக்கொரு தொழில் இருக்கிறது. பெயர்பெற்ற பொருள் எதுவும் இல்லாத ஊரில் தையற்கடை இருக்கும், செக்கு எண்ணெய்க் கடை இருக்கும், இட்லிக் கடை இருக்கும். மாவை எத்தனை மணிக்கு ஆட்டுகிறார்கள், எந்த அரிசி, உளுந்து எத்தனை பங்கு என்று கேட்டு எழுதினாலே அந்தக் கடையின் பக்கம் மற்றக் கடைகளிலிருந்து தனித்து நிற்கும்.

தம் வீட்டுத் தொழிலுக்குப் பள்ளியில் இடமில்லை என்று எண்ணும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய உண்டு. அப்பாவின் உளியையும் அம்மாவின் மெருகுக் கல்லையும் பற்றி எழுதிய பத்திக்கு மதிப்பெண் கிடைக்கும்போது, அந்த எண்ணம் மாறத் தொடங்குகிறது. ஐந்து பாடவேளைகள்தான். அடுத்த பருவத்தில் முயன்று பாருங்கள். உங்கள் மாணவர்கள் எழுதியதை இவ்விதழுக்கும் அனுப்புங்கள்.